தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரி நிலங்களில் மண் அரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மேட்டுக் கொல்லை (மழையை நம்பிய மேட்டு நிலம்) வைத்திருப்பவர்கள் மண் அரிப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. மண் ஏன் போகிறது என்பது முதலில், எங்கே எப்படி மறிப்பது என்பது அடுத்து. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். ஓராண்டில் போகிற மண்ணில் பெரும்பகுதி மூன்று நான்கு மழைகளில் போய்விடுகிறது. அத்தனையையும் சேர்த்தாலும் சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில் நிலம் மூடிக் கிடக்கிறதா, வெறுமையாகக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

எங்கள் பக்கம் மணல்மேடு எதுவும் இல்லையே. பாலைவனமாதல் என்று ஏன் சொல்கிறார்கள்?

பாலைவனமாதல் என்றால் தார்ப் பாலைவனம் நகர்ந்து நம் ஊருக்கு வருவது என்று பொருள் அல்ல. வறண்ட, பாதி வறண்ட பகுதிகளில் இருக்கிற நிலமே தன் விளைதிறனை இழந்துகொண்டு போவதற்குத்தான் அந்தப் பெயர். 1994-இல் ஐக்கிய நாடுகள் சபை கொண்டுவந்த உடன்படிக்கையிலும் இதே பொருள்தான். அது ஏற்கப்பட்ட ஜூன் 17 இன்றும் பாலைவனமாதல் தடுப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. நம் திணை மரபு இதை எப்போதோ சொல்லிவிட்டது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை.

இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, 2018-19-இல் இந்தியாவில் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் நிலம் சீர்கெட்டிருந்தது. நாட்டின் பரப்பில் இது 29.77 விழுக்காடு. காரணங்களில் முதலிடம் நீர் அரிப்புக்கு.

கொல்லையில் இது எப்படித் தெரியும்? ராகி நன்றாக வந்த இடத்தில் ராகி குட்டையாக நிற்கும். பிறகு அங்கே சாமைதான் வரும். அதன்பின் கொள்ளு மட்டும். கடைசியில் நொரம்பு (அடியிலிருக்கும் சரளை மண்) மேலே தெரிந்து, உழவுக்குக் கொழு இறங்காமல், நிலம் தரிசாக விடப்படும். இருபது முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை.

மண் அரிப்பு இயற்கைதானே? அதற்கு எதற்குக் கவலை?

இயற்கைதான். கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கிற பாறைமலை, பர்கூர்ப் பக்கத்துக் கரடுகள், சுற்றியுள்ள மொட்டைப் பாறைகள் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு அரிப்பில் மெல்லிய பகுதிகள் கரைந்துபோக, கரையாமல் நின்ற கெட்டிப் பகுதிகள். அரிப்பு இல்லையென்றால் ஆற்றங்கரை வண்டலும் இல்லை.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. நம் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய, கெட்டியான பாறை. அது மட்கி ஒரு செ.மீ. மண்ணாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பல இடங்களில் பல நூறு ஆண்டுகள். வெறும் நிலத்தில் அடிக்கும் இரண்டு மூன்று கெட்ட மழைக்காலங்களில் அதே ஒரு செ.மீ. போய்விடும். புல்லும் புதரும் மூடிய காட்டில் மண் போவதும் உண்டாவதும் ஏறக்குறைய ஈடாகிவிடும். உழுது திறந்த நிலத்தில் அந்தக் கணக்கு முறிந்துவிடுகிறது. மழை, சரிவு, மண்ணின் குணம், காற்று, வறட்சி எல்லாம் இயற்கை தருபவை. எந்த நேரத்தில் நிலத்தைத் திறந்து போடுகிறோம் என்பது மட்டும் நம்முடையது.

ஆண்டுக்கு 850 மி.மீ. மழை பெய்கிறதே, இது எப்படி வறண்ட பகுதி?

மொத்த அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இளைத்துப்போய்த்தான் இங்கே வருகிறது. நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழையும் கடற்கரையில் பலமாகப் பெய்து, ஜவ்வாது, கல்வராயன் மலைகளைத் தாண்டி வருவதற்குள் குறைந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை, செப்டம்பர், அக்டோபரில் வரும் கனமழை என்று மழை துண்டு துண்டாக விழுகிறது. நடுவில் மூன்று நான்கு வாரம் ஒரு தூறல்கூட இருக்காது.

இன்னொரு பக்கம், வெயிலும் காற்றும் நிலத்திலிருந்து இழுக்கக்கூடிய நீர், பெய்யும் மழையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஆகவே புல் அடர்ந்து நிலத்தை மூடுவதற்கு வேண்டிய ஈரம் ஆண்டில் சில மாதங்களே இருக்கிறது. மூடாத நிலத்தில் அடித்துப் பெய்யும் மழை என்பதே வறண்ட பகுதி அரிப்பின் அடிப்படை. ஆண்டு முழுவதும் சீராகத் தூறும் ஊரில் இதைவிட அதிக மழை பெய்தாலும் மண் இவ்வளவு போகாது.

சித்திரையில் பெய்யும் முதல் மழை ஏன் இவ்வளவு மண்ணை வாரிக்கொண்டு போகிறது?

துளியின் பருமனைக் கவனியுங்கள். தூறலில் வரும் 1 மி.மீ. துளி நொடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் விழும். இடிமழையில் வரும் 5 மி.மீ. துளி நொடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் விழும். பெரிய துளியின் எடை 125 மடங்கு. வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது மண்ணில் அடிக்கும் ஆற்றல் 600 மடங்குக்கு மேல். ஒவ்வொரு துளியும் ஒரு சின்னச் சுத்தியல். தெறிக்கும் மண் இரண்டடி உயரம்வரை எழும். வெள்ளைச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தத் தெறிப்புதான்.

முதல் மழை வரும்போது நிலம் எந்த நிலையில் இருக்கும்? தை, மாசியில் அறுவடை முடிந்து, ஆடுமாடு மேய்ந்து, தாள்கூட இல்லாமல் கிடக்கும். இரண்டு மூன்று மாத வெயிலில் மண் மாவாகிப் புழுதி படிந்திருக்கும். காய்ந்த கட்டி திடீரென்று நனைந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியே வர இடமில்லாமல் கட்டியை உடைத்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கொல்லையிலிருந்தும், இன்னொன்றைப் பக்கத்தில் புல் வளர்ந்த வரப்பிலிருந்தும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கொல்லைக் கட்டி ஐந்து நிமிடத்துக்குள் கரைந்து அடியில் சேறாகப் படியும். வரப்புக் கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் நிற்கும். வேரும் மக்கும் (மக்கிய இலைதழை) மண்ணைப் பிடித்துவைத்திருப்பதே வித்தியாசம்.

உடைந்த நுண்மண் அடுத்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பிறகு தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் 4,000 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 2 லட்சம் லிட்டர். அதில் பாதி ஓடினால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர் உங்கள் சரிவில் இறங்குகிறது.

மழை விட்டு மறுநாள் செம்மண் மேல் ஓடுபோலப் பொருக்குத் தட்டுகிறதே, அது எதனால்?

மேலே சொன்ன அதே நுண்மண்தான். நம் செம்மண்ணில் மணல் அதிகம், மக்கு குறைவு. இரும்பு ஆக்சைடு கலந்த நுண்களி மணல்துகள்களுக்கு இடையில் இறங்கி, காய்ந்ததும் சிமெண்ட் போல இறுகும். விதை முளைக்க முடியாமல் போவது ஒரு நட்டம். அடுத்த மழையின் நீர் இறங்காமல் ஓடுவது அதைவிடப் பெரிய நட்டம்.

சரிசெய்ய ஏக்கருக்கு 4 டன் தொழு உரமும் 800 கிலோ ஜிப்சமும் கடைசி உழவில் கலந்துவிடுங்கள். மக்கிய தென்னைநார்க் கழிவு கிடைத்தால் ஏக்கருக்கு 5 டன் போடலாம். மக்காத நாரைப் போட்டால் அது மக்குவதற்கு மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு பயிர் மஞ்சளாகும். விதைத்தபின் பொருக்கு விழுந்தால், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் முள் கிளையை மேலே இழுத்துப் பொருக்கை உடைத்துவிட வேண்டும்.

லேசான சரிவுதான் இருக்கிறது. அதற்கும் பயப்பட வேண்டுமா?

ஆம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலம்கூட 100 அடிக்கு 2 அல்லது 3 அடி சரிந்திருக்கும். சரிவின் கூர்மையைப் போலவே அதன் நீளமும் முக்கியம். மேலிருந்து தடையில்லாமல் ஓடிவரும் தண்ணீர் கீழே வரவர ஒன்று சேர்ந்து வேகம் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கும் விசை நான்கு மடங்கு. உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு. மழைக்குப் பின் ஓடைப் படுகையில் புதிதாகக் கிடக்கும் கற்கள் அப்படி வந்தவைதான். அதனால் நீண்ட சரிவை இடையிடையே வெட்டிக் குறுக்குவதே எல்லா வேலைக்கும் அடிப்படை.

முதலில் மேல்மண் தாள் போல ஒரே சீராகப் போகும். இதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்து விரல் அகலச் சிறு வாய்க்கால்கள் விழும். உழுதால் மறைந்துவிடும் என்பதால் இதையும் விட்டுவிடுவார்கள். மூன்றாவது, மாடும் டிராக்டரும் தாண்ட முடியாத பள்ளம். பணம் செலவழிக்க எல்லோரும் ஓடுவது இந்த மூன்றாவது கட்டத்தில். சத்துள்ள மண் போனதோ முதல் கட்டத்தில்.

இங்கே காற்றாலும் மண் போகிறதா?

போகிறது, நீரைவிடக் குறைவாக. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்காவிட்டாலும் புழுதி பறக்கிறது. 0.1 மி.மீ.க்குக் குறைந்த துகள் மேலே எழுந்து மாவட்டம் தாண்டிப் போகும். 0.1 முதல் 0.5 மி.மீ. வரை உள்ளது துள்ளித் துள்ளி நகர்ந்து இளஞ்செடியின் இலையைக் கிழிக்கும். அதைவிடப் பெரியது தரையோடு உருளும். சத்து ஒட்டியிருப்பது முதல் வகையில்தான். ரோட்டாவேட்டரால் இரண்டு தடவை மாவாக உழுது, ஆடியில் மழை தள்ளிப்போன கொல்லையில் இந்த நட்டம் மிக அதிகம். உள்ளங்கையளவு கட்டிகள் மேலே கிடக்கும்படி கலப்பையால் உழுதாலே பாதி அடங்கும்.

வறட்சியில் மழையே இல்லை, பிறகு எப்படி மண் அரிக்கும்?

வறட்சியில் நிலம் ஆயத்தமாகிறது, அடுத்து வரும் மழையில் மண் போகிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் புல்லின் வேரே செத்துவிடும். கிடைக்கும் ஒவ்வொரு இலையையும் ஆடுமாடு மேய்ந்துவிடும்; வேறு வழியும் இருக்காது. தாள் நிலத்தில் மிஞ்சாது. மண்ணைப் பிடிக்க எதுவும் இல்லாத அந்த நிலத்தின்மேல் அடுத்த பெருமழை விழும். அதனால் வறட்சி முடிந்து மழை வந்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் வரப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் கொட்டும் மழைக்கு என்னதான் செய்ய முடியும்?

ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். அந்த அளவை எந்த வரப்பும் முழுதாகத் தாங்காது. தாங்கும் என்று கட்டினால் உடைந்து, உடையும் இடத்தில் பள்ளமே விழும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. மிஞ்சும் தண்ணீர் எந்த வழியில் வெளியேற வேண்டும் என்பதை முன்பே நீங்கள் தீர்மானித்து, அங்கே கல் பதித்து வைப்பது. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படியே ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு கல்வாய், அதாவது கல் பதித்த வழிவாய்.

என் கொல்லையில் எவ்வளவு மண் போகிறது என்று எப்படி அளப்பது?

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மண் போனால் அது 4 கனமீட்டர், எடையில் சுமார் 6 டன். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

ஓரடி நீளக் கம்பியில் ஒரு வாஷரைக் கோத்து, வாஷர் தரையைத் தொடும்படி கம்பியை முக்கால் பாகம் அடித்து இறக்குங்கள். வாஷருக்கும் கம்பித் தலைக்கும் உள்ள நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சரிவின் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசையில் வரிசைக்கு மூன்று கம்பி போதும். உழவு படாத ஓரங்களில் அடியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்தால் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று தெரியும். கீழ்வரிசையில் மண் ஏறியிருந்தால் உங்கள் மண் கொல்லைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அது நல்ல செய்தி.

கம்பி அடித்துக் காத்திருக்க நேரமில்லாதவர்கள் நடுக்கொல்லையில் நிற்கும் வேம்பையோ புளியையோ பார்க்கலாம். நட்டபோது தரைமட்டத்தில் இருந்த வேர்க்கழுத்து இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து மரத்தின் வயதால் வகுங்கள். 15 வயது மரத்தில் 9 செ.மீ. என்றால் ஆண்டுக்கு 6 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 36 டன். மரத்தடியில் ஆடுமாடு கட்டும் இடமாக இருந்தால் குளம்பு பட்டுப் போன மண்ணும் சேர்ந்துவிடும். அந்த மரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றாவது வழி, ஓடும் கலங்கல் நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் தெளியவிட்டு, அடி வண்டலைக் காயவைத்து எடை போடுவது. லிட்டருக்கு 10 கிராம் இருந்தால், 1 லட்சம் லிட்டர் ஓடிய அந்த ஒரு மழையில் 1 டன் போயிருக்கிறது.

கோடை உழவு நல்லதா, கெட்டதா? உழுதால் மண் இளகிப் போய்விடாதா?

சரிவுக்குக் குறுக்கே உழுதால் நல்லது, சரிவோடு உழுதால் கெட்டது. குறுக்கே விழும் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பு. மேலிருந்து கீழே விழும் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன ஓடை. டிராக்டர்காரர் நீளவாக்கில் ஓட்டத்தான் விரும்புவார், திருப்பம் குறைவு என்பதால். குறுக்கே ஓட்டினால் அரைமணி நேரம் கூடும்; அந்த வாடகையைக் கொடுத்துவிடுங்கள். பெரிய கட்டிகளாகப் புரளும்படி ஒரே தடவை, கோடை மழையின் முதல் ஈரத்தில் உழுவது போதும். விதைப்புக்கு முன் 8 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்திகளாகச் சிறு வரப்பு இழுத்துவிட்டால் மழை விழுந்த இடத்திலேயே நிற்கும்.

சமமட்ட வரப்புக்கு மட்டம் பார்ப்பது எப்படி? சர்வேயர் வேண்டுமா?

வேண்டாம். சமமட்ட வரப்பு என்பது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் வரப்பு. ஆறரை அடி நீளக் கம்பு இரண்டை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை ஆணியடியுங்கள். மேல் முனையிலிருந்து நூலில் கல் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கட்டையை உரசும் இடத்தில் ஒரு கோடு. சட்டத்தை இடம் மாற்றி, வலக்கால் நின்ற இடத்தில் இடக்காலும் இடக்கால் நின்ற இடத்தில் வலக்காலும் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி கொல்லையின் ஒரு ஓரத்தில் தொடங்கி, நூல் நடுப்புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போய், கால் பட்ட இடமெல்லாம் முளை அடியுங்கள். காற்று அடிக்கும் நேரத்தில் நூல் ஆடும், விடியற்காலையில் செய்யுங்கள்.

அடுத்த வரப்பு எவ்வளவு தூரத்தில் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு 2 சரிவு என்றால் 40 மீட்டர், 3 என்றால் 30 மீட்டர், 4 என்றால் 25 மீட்டர். வரப்பின் உயரம் 60 செ.மீ., மேல் அகலம் 40 செ.மீ., அடி அகலம் 2.2 மீட்டர். அவ்வளவு மண் இல்லை, நிலமும் சிறியது என்றால் உயரம் 45, மேலே 30, அடியில் 165 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். மண்ணை வரப்பின் மேல்பக்கத்திலிருந்து, வரப்படியிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழத்துக்கு மிகாமல், விட்டுவிட்டு எடுக்க வேண்டும். தொடர்ச்சியாக எடுத்தால் அதுவே கால்வாயாகித் தண்ணீரை ஒரு முனைக்கு இழுத்துவிடும். தண்ணீர் வழியும் கல்வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ஐந்தடியாவது அகலத்தில் இருக்கட்டும். வழியும் தண்ணீர் விழும் பக்கத்தில் கல் பரப்புங்கள்.

வரப்பு போட்ட ஆண்டே உடைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் பழைய ஓடைத் தடத்தைக் கடக்கும் இடத்தில்தான் உடைந்திருக்கும். அங்கே நிலம் தாழ்வு. வரப்பின் மேல்மட்டத்தை அங்கேயும் அதே மட்டத்துக்கு ஏற்றாமல், தரையிலிருந்து ஒரே உயரமாகப் போட்டிருப்பார்கள். எல்லாத் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில் கூடி மேலேறி வழிந்துவிடும். அடுத்த காரணம், புல்லோடும் தாளோடும் இருந்த தரைமேல் ஜேசிபியால் மண்ணைக் கொட்டிவிட்டுப் போவது. அடித்தரையைக் கொத்திவிட்டு அதன்மேல் போட்டால்தான் புதுமண் பிடிக்கும். இல்லாவிட்டால் இடைவெளியில் நீர் ஊறி வரப்பே சறுக்கும். அரையடி மண் போட்டு மிதித்து, மீண்டும் அரையடி என்று ஏற்றுங்கள். புதுவரப்பு முதல் மழையில் பத்தில் ஒரு பங்காவது அமுங்கும் என்பதால் அந்த அளவு கூடுதலாகவே போட வேண்டும். எலி வளையையும் நண்டு வளையையும் மழைக்கு முன் தேடி, வாயை மட்டும் மூடாமல் முழுதும் தோண்டி மண் இடித்து அடையுங்கள்.

வரப்பின்மேல் கொழுக்கட்டைப் புல்லோ முயல் மசாலோ விதைத்துவிட்டால் மூன்றாம் ஆண்டு வேலை குறையும். மாட்டுக்கும் ஆயிற்று.

பள்ளம் விழுந்துவிட்டது. கல் அடுக்கினால் நிற்குமா?

நிற்கும், மேலிருந்து தொடங்கினால். பள்ளத்தின் வாயில், அதாவது கீழே பெரிதாக ஒன்று கட்டிவிட்டு மேலே சும்மா விட்டால் இரண்டு மழையில் அது மூழ்கிவிடும். பள்ளத்தின் தலை, தண்ணீர் உள்ளே குதிக்கும் இடம், ஒவ்வோர் ஆண்டும் மேல்நோக்கி நகரும். முதலில் அந்தத் தலைக்கு வரும் தண்ணீரைத் திருப்புங்கள், அல்லது தலையைச் சரிவாக வெட்டிக் கல் பதியுங்கள்.

அடுத்து, பள்ளத்துக்குக் குறுக்கே ஓரடி ஆழம் அடித்தளம் தோண்டி, இருபுறக் கரையிலும் ஒன்றரை அடி உள்ளே நுழைத்து, கரட்டிலிருந்து கோணல்மாணலான கல்லாகக் கொண்டுவந்து அடுக்குங்கள். உருண்டைக் கல் உருண்டு போகும். பெரிய கல் கீழ்ப்பக்கத்திலும் மேல்தளத்திலும் வர வேண்டும்; சிறிய கல் உள்ளே இடுக்கில். உயரம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிட முக்கால் அடி தாழ்ந்திருக்க வேண்டும். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மேல்மட்டம் சமமாக இருந்தால் தண்ணீர் ஓரத்தில் ஏறிக் கரையைக் குடைந்து, கல்லடுக்கு அப்படியே நிற்க, பக்கத்தில் புதுவழி போட்டுக்கொண்டு போய்விடும். கீழ்ப்பக்கம் நான்கடி நீளத்துக்குக் கல் தளம் பரப்பாவிட்டால் குதிக்கும் தண்ணீர் அடியைத் தோண்டி அடுக்கைச் சரிக்கும்.

இடைவெளிக்குக் கணக்கு: கீழ் அடுக்கின் நடுவில் தாழ்ந்த மேல்மட்டமும் மேல் அடுக்கின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளத்தின் சரிவு நூற்றுக்கு 5, அடுக்கின் நடு உயரம் 60 செ.மீ. என்றால் 12 மீட்டருக்கு ஒன்று. சிமெண்ட் தேவையில்லை. நீர் கசிந்து போகட்டும், மண் மட்டும் தங்கினால் போதும். தங்கிய வண்டலில் முதல் மழையிலேயே வெட்டிவேர் நடுங்கள், அரையடிக்கு ஒரு தூர்.

மாந்தோப்பு இருக்கிறதே, மரம் மண்ணைக் காக்காதா?

மரம் மட்டும் காக்காது. இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது. உயரமான கிளையிலிருந்து விழுந்தால் தரையை நன்றாகவே அடிக்கும். மண்ணைக் காப்பது மரத்தடியில் கிடக்கும் சருகும் புல்லும். தோப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சருகைக் கூட்டிக் கொளுத்தி, மரங்களுக்கு நடுவே வெறுமண்ணாக உழுது வைக்கும் தோப்பில் வேர் வெளியே தெரிவது இதனால்தான். ஒவ்வொரு மரத்துக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒன்றேகால் அடி உயர வரப்பு போட்டு, சருகை அதற்குள் தள்ளுங்கள். இடைவெளியில் ஆவணி, புரட்டாசியில் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைத்தால் ஒரு மாதத்தில் தரை மூடும்.

சீமைக் கருவேலும் உண்ணிச்செடியும் மண்ணைப் பிடிக்கத்தானே செய்கின்றன?

ஓரளவுக்கு. ஆனால் அவற்றின் அடியில் புல் சரியாக வளராது. மேலே பச்சையாகத் தெரிந்தாலும் தரை வெறுமையாக இருக்கும். சரிவில் ஒரே நாளில் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குவது அதைவிட மோசம். பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த பட்டையில் புல் விதை தூவிவிட்டு அடுத்த பட்டைக்குப் போங்கள்.

ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டலாமா?

தாராளமாக. அது உங்கள் கொல்லைகளிலிருந்து போன மண்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு எடுங்கள். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்ப 40 கனமீட்டர் வேண்டும், சுமார் 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). எடுப்பதற்கு முன் ஒரு கைப்பிடி வண்டலைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். வெள்ளை பூத்த ஏரியின் மண் வேண்டாம். சித்திரைக்குள் கொட்டிப் பரப்பி, குறுக்கே உழுது கலந்துவிட வேண்டும். குவியலாக விட்டு வைகாசி மழை வந்தால் மறுபடி ஏரிக்கே போய்விடும்.

நிலக்கடலை பிடுங்கியதும் பெரிய மழை வந்து நட்டமாகிறது. என்ன செய்யலாம்?

மானாவாரிக் கடலையைச் செப்டம்பர், அக்டோபரில் பிடுங்குகிறோம். பிடுங்கும்போது நிலம் முழுக்கக் கிளறப்படுகிறது, செடி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை, ஆண்டின் கனமழையும் அதே மாதங்களில். இதைவிட மோசமான பொருத்தம் இருக்க முடியாது. விதைக்கும்போதே ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை போட்டுவிட்டால், கடலை போனபின்னும் துவரை நிற்கும். அந்தச் சால்கள் சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். பிடுங்குவதையும் மொத்தமாகச் செய்யாமல், சரிவின் கீழ்ப்பாதியை விட்டுவிட்டு மேல்பாதியை முதலில் பிடுங்குங்கள். மேலே கரையும் மண்ணைக் கீழே நிற்கும் செடி வடிகட்டிப் பிடிக்கும். பிடுங்கிய இடத்தில் ஈரம் இருக்கும்போதே, மறுநாளே, கொள்ளு விதைத்துவிட்டுக் கீழ்ப்பாதிக்குப் போகலாம். ஆட்கூலி இரண்டு தடவை ஆகும் என்பது உண்மை. கீழ்ப்பாதியை நான்கைந்து நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், முற்றிய கடலை மண்ணிலேயே முளைத்துவிடும்.